சாய்வு மிதிவண்டியும் மலையேற்றமும்

சமநிலத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் கியரைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. வழியில் ஒரு பாலம் குறுக்கிட்டால் இருக்கையை விட்டு எழுந்து நின்று நான்கு மிதி மிதிப்பார், வண்டி மேலேறிவிடும். இவ்வாறு எழுந்து நிற்கவே இயலாத வண்டி ஒன்று உண்டு. அதில் அமர்பவர் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல முதுகைப் பின்னே சாய்த்துக் கால்களை முன்னே நீட்டி மிதிக்கிறார். பெடல்கள் முன்சக்கரத்துக்கு மேலோ அதற்கும் முன்னோ அமைந்திருக்கும். இதனைச் சாய்வு மிதிவண்டி என்று குறிப்பிடுவோம். இவ்வண்டி மலைச்சாலையில் ஏறுவதற்கு எவ்வளவு தாழ்ந்த கியர் வேண்டும், அதனை எவ்வாறு பெறலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இஃது ஏதோ பொழுதுபோக்குக்காரரின் கவலை என்று எண்ணிவிட வேண்டுவதில்லை. எழுந்து நிற்க இயலாமல், அமர்ந்த நிலையிலேயே வண்டியை ஏற்றத்தில் செலுத்த வேண்டியவர்கள் நம் நாட்டில் ஊர்தோறும் உள்ளனர். கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் செல்லும் மாற்றுத் திறனாளிகளே அவர்கள். சாய்வு மிதிவண்டியின் கணக்கை அறிந்தால் அவர்களுடைய வண்டியின் கணக்கும் விளங்கும். அதனை இறுதியில் காண்போம்.

சாய்வு மிதிவண்டி புதியதன்று. 1933-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7-ஆம் நாள் பாரிசு நகரத்தில் பிரான்சிசு ஃபோர் என்பவர் சார்ல் மொஷே அமைத்த சாய்வு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914-ஆம் ஆண்டில் ஆஸ்கர் எக் நிலைநாட்டிய 44.247 கிலோமீட்டர் என்ற அளவு அன்று முறியடிக்கப்பட்டது. ஃபோர் முதல்தர வீரர் அல்லர் என்பதால் வெற்றிக்கு வண்டியின் அமைப்பே காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மறு ஆண்டே, அஃதாவது 1934-இல், பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் இவ்வமைப்பைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. தாழ அமர்ந்து செல்வதால் காற்றின் எதிர்ப்புக் குறைகிறது. சமநிலத்தில் இவ்வண்டியின் விரைவுக்கு இதுவே அடிப்படை. மலையேற்றத்தில் காற்று ஒரு பொருட்டன்று. மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்பவரைக் காற்று என்ன தடுக்கப் போகிறது? அங்கே எதிரி எடை ஒன்றே. ஆகவே சாய்வு வண்டி தன் சிறப்பை இழந்து, தன் குறையை மட்டும் சுமந்துகொண்டு மலையேறுகிறது.

நிற்க இயலாததன் விளைவு

அக்குறை யாது? சாதாரண மிதிவண்டியில் நிற்பவர் தம் உடலெடை முழுவதையும் ஒரு பெடலின்மீது சுமத்தலாம். 70 கிலோ எடையுள்ளவர் உண்ணாமலும் உறங்காமலும் களைத்திருந்தாலும் அந்த 70 கிலோ அவருக்குத் தவறாமல் கிடைக்கிறது. புவியீர்ப்பே அவருக்குத் துணை நிற்கிறது. சாய்வு வண்டியில் பெடல் கீழே இல்லை, முன்னே உள்ளது. உடலெடை அதன்மீது விழாது. தசைகளின் விசை ஒன்றே உதவும்.

ஆனால் முதுகுக்குப் பின்னே சாய்மானம் இருப்பதால் அதில் ஊன்றிக்கொண்டு உடலெடையைவிடவும் மிகுதியான விசையோடு பெடலைத் தள்ள முடியும். இதனை ஒரு நன்மையாகக் கருதுவோர் உண்டு. சில நொடிகளுக்கு நன்மைதான். ஒரு மணி நேரம் அவ்வாறு தள்ளினால் முழங்கால் மூட்டு அத்தனை விசையையும் தாங்க வேண்டும். சாதாரண வண்டியில் விசை வரம்பை மீறும்போது உடல் இருக்கையிலிருந்து எழும்பி நமக்கு எச்சரிக்கை செய்கிறது. சாய்வு வண்டியில் அத்தகைய எச்சரிக்கை இல்லை. இவ்வண்டியில் மலையேறத் தொடங்கியவர்கள் முழங்கால் வலியால் வருந்துவதற்கு உயர்ந்த கியரில் மெல்லமெல்ல அழுத்தித் தள்ளுவதே பெரும்பாலும் காரணமாகும். விசையைக் குறைத்துச் சுற்றுகளை மிகுவிப்பதே தக்க வழி. நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று எளிதாகச் சுற்றுமாறு கியர் அமைய வேண்டும்.

எவ்வளவு தாழ்ந்த கியர்?

கியரை அளப்பதற்குப் பல முறைகள் உள. பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்று பார்ப்பதே எல்லாவற்றிலும் தெளிவானது. இதனைச் சுற்றுத் தூரம் என்போம். நம் ஊரில் வழங்கும் கறுப்புச் சைக்கிளில் முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் இருப்பின் பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் 2.44 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆகவே சுற்றுத் தூரம் ஏறக்குறைய 5.4 மீட்டர்.

இனி மலைக்கு வருவோம். தேராதூனிலிருந்து முசூரி செல்லும் சாலையை எடுத்துக்கொள்ளலாம். தேராதூன் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்திலும் முசூரி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட சாலை ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 18 கிலோ, மூட்டை 7 கிலோ, ஆக 95 கிலோ என்று கொண்டால் அந்த எடையை 1,360 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் ஜூல் வேலை செய்ய வேண்டும். டயர் உருள்வதில் ஏற்படும் இழப்புக்கு ஏறத்தாழ 2 இலட்சம் ஜூல் சேரும். பயிற்சி மிகாத உடல்நலமுள்ள ஒருவர் பல மணி நேரம் 120 வாட் திறனைச் சக்கரத்துக்கு அளிக்கக்கூடும் எனில், ஏறி முடிக்க ஏறத்தாழ 3 மணி 24 நிமிடம் ஆகும். இடையில் தேநீர்க் கடையில் கழியும் நேரம் இக்கணக்கில் சேராது.

இந்தச் சராசரிக் கணக்கை மட்டும் நம்பிக் கியரைத் தீர்மானித்தல் தவறு. சராசரி ஏற்றம் நூற்றுக்கு 4-க்குச் சற்றுக் குறைவு; ஆனால் எந்த மலைச்சாலையும் சராசரியாகவே ஏறிச் செல்வதில்லை. இந்தியச் சாலைப் பேரவையின் விதிகள், 3,000 மீட்டர் உயரம் வரையுள்ள செங்குத்தான மலைப்பகுதிகளில் பொதுவாக நூற்றுக்கு 6, வரம்பாக 7, விலக்காக 8 என்ற ஏற்றங்களை அனுமதிக்கின்றன. ஆகவே முறையாக அமைக்கப்பட்ட நெடுஞ்சாலையில்கூட நூற்றுக்கு 8 என்ற பகுதி வரக்கூடும் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை. கிளைச் சாலைகளும் ஊருக்குள் செல்லும் சந்துகளும் இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவையல்ல.

நூற்றுக்கு 8 ஏற்றத்தில் நம் 95 கிலோவைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 74 நியூட்டன். உருளுதலின் தடை 6 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 80 நியூட்டன். 120 வாட்டை 80 நியூட்டனால் வகுத்தால் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், அஃதாவது மணிக்கு 5.4 கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. இவ்வேகத்தில் செல்லும்போது பெடல் நிமிடத்துக்கு 75 முறை சுற்ற வேண்டுமாயின் சுற்றுத் தூரம் 1.2 மீட்டராக இருத்தல் வேண்டும். நமக்கு வேண்டிய எண் இதுவே. கறுப்புச் சைக்கிளின் கியரில் இது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை நோக்குக.

கடையில் விற்கும் சாய்வு வண்டிகள் பலவற்றில் முன்னே 52, 42, 30 பற்களுடைய மூன்று சக்கரங்களும் பின்னே 11 முதல் 34 வரையிலான அடுக்கும் உள்ளன. 26 அங்குலப் பின்சக்கரத்தோடு இவ்வமைப்பின் மிகத் தாழ்ந்த சுற்றுத் தூரம் 1.81 மீட்டர். அதே மலையில் அதே 120 வாட் அளிப்பவர் இப்போது நிமிடத்துக்கு 50 சுற்றே சுற்ற முடியும். பெடலில் சராசரியாகத் தேவைப்படும் விசை 9 கிலோ எடையிலிருந்து 14 கிலோ எடையாக உயர்ந்துவிடும். இது சராசரியே, கால் தள்ளும் உச்ச நிலையில் இதனினும் மிகும். செய்யும் வேலையும் செலவாகும் திறனும் மாறவில்லை. முழங்காலின் பங்குதான் மாறியது.

முன்சக்கரத்தைச் சிறிதாக்குதல்

1.81 மீட்டரை 1.2 மீட்டராக்கும் வழிகளுள் செலவு குறைந்தது முன்னேயுள்ள மிகச் சிறிய பற்சக்கரத்தை மேலும் சிறிதாக்குவதாகும். 30 பல்லை எடுத்துவிட்டு 24 பல்லைப் பூட்டலாம். ஆனால் எந்தச் சக்கரமும் எந்தக் கிராங்கிலும் பொருந்தாது. பற்சக்கரம் கிராங்கின் கைகளோடு ஐந்து அல்லது நான்கு ஆணிகளால் பிணைக்கப்படுகிறது. இவ்வாணிகள் அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவோ அதைவிடச் சிறிய சக்கரத்தை அதில் பூட்ட இயலாது. ஐந்து ஆணி வட்டம் 130 மில்லிமீட்டர் ஆயின் 38 பல்லுக்குக் கீழே செல்ல முடியாது. 110 மில்லிமீட்டர் ஆயின் 33 அல்லது 34 பல்லே எல்லை. மூன்று சக்கரக் கிராங்குகளில் உள்ளே தனியாக 74 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று இருக்கும்; அதில் 24 பல் பொருந்தும். நான்கு ஆணிகளுடைய மலை மிதிவண்டிக் கிராங்கில் 64 மில்லிமீட்டர் உள்வட்டம் இருந்தால் 22 பல் வரை போகலாம். 58 மில்லிமீட்டர் வட்டமுள்ள பழைய அமைப்பு ஒன்றில் 20 பல்லும் பூட்டலாம். எனவே பற்சக்கரம் வாங்கக் கடைக்குப் போகுமுன் ஆணி வட்டத்தை அளந்துகொண்டு போதல் நன்று.

அடுத்த தடை சங்கிலியின் தொய்வு. பெரிய சக்கரத்திலிருந்து சிறிய சக்கரத்துக்குச் சங்கிலி மாறும்போது மிஞ்சும் நீளத்தைப் பின்னேயுள்ள டிரெய்லியரின் கை இழுத்துக்கொள்ள வேண்டும். அது எத்தனை பல் அளவு இழுக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நீண்ட கையுடைய டிரெய்லியர்களில் இது பெரும்பாலும் 45 பல் அளவினது. முன்னே 52-க்கும் 30-க்கும் வேறுபாடு 22, பின்னே 34-க்கும் 11-க்கும் வேறுபாடு 23, கூட்டினால் 45. முன்னே 24-ஐப் பூட்டிவிட்டால் கூட்டுத்தொகை 51 ஆகிவிடும். இவ்வாறு எல்லையைக் கடப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. முன்னே சிறியதும் பின்னே சிறியதும் சேரும் இணைகளில் சங்கிலி தொங்கும். மலையேறுபவருக்கு அந்த இணைகளால் பயனில்லை. அஞ்ச வேண்டியது இதற்கு மறுதலையான தவறு. தொய்வைத் தவிர்க்க எண்ணிச் சங்கிலியைக் குறுக்கிவிட்டால், முன்னே பெரியதும் பின்னே பெரியதும் தற்செயலாகச் சேரும்போது சங்கிலி இறுகி டிரெய்லியரைப் பிடுங்கி எறிந்துவிடும். ஆகவே சங்கிலியின் நீளத்தை எப்போதும் பெரியதும் பெரியதும் சேரும் நிலைக்கே அளந்து வைத்தல் வேண்டும்.

42 பல்லிலிருந்து 24 பல்லுக்குச் சங்கிலி ஒரேயடியாக இறங்கும்போது உட்புறம் நழுவி விழுவதும் உண்டு. ஏற்றத்தின் நடுவில் இது நேர்ந்தால் ஓட்டுபவரும் விழுவார். சக்கரத்தின் உட்புறம் ஒரு சிறு தடுப்பைப் பொருத்தினால் போதும்.

இங்கே சாய்வு வண்டிக்கு ஒரு வசதி இருப்பதைக் கூற வேண்டும். இதன் சங்கிலி சாதாரண வண்டியின் சங்கிலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான நீளம் கொண்டது. எனவே முன்னே ஓரத்திலும் பின்னே எதிர் ஓரத்திலும் உள்ள சக்கரங்களை இணைத்தாலும் சங்கிலி அதிகம் கோணாது, தேய்மானமும் மிகாது.

பின்னேயுள்ள அடுக்கில் 34 பல்லுக்குப் பதிலாக இக்காலத்து 42 அல்லது 50 பல்லுடைய அடுக்கைப் பூட்டுவது மற்றொரு வழி. அதற்கு டிரெய்லியரையும் பிடிக் கைப்பிடியிலுள்ள கியர் நெம்புகோலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருப்பதால் செலவு மிகும். 26 அங்குலச் சக்கரத்தில் முன்னே 20, பின்னே 34 பல் இருந்தாலே 1.2 மீட்டர் வந்துவிடுகிறது. ஓடுசக்கரம் 20 அங்குலமாக இருப்பின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.5 மீட்டரே, முன்னே 24, பின்னே 30 பல் அதே 1.2 மீட்டரைத் தரும். மலைநாட்டில் வாழ்பவர் புதிய வண்டி வாங்கும்போது சிறிய பின்சக்கரமுள்ளதைத் தேர்ந்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

இடையச்சு

சாய்வு வண்டியின் நீண்ட சங்கிலிப் பாதை மற்றுமொரு வாய்ப்பைத் தருகிறது; சாதாரண வண்டியில் இதற்கு இடமே இல்லை. இருக்கைக்குக் கீழே ஓர் அச்சை அமைத்துச் சங்கிலியை இரண்டாகப் பிரித்துவிடலாம். முன்சங்கிலி அவ்வச்சிலுள்ள 42 பல்லைச் சுழற்றும். அதே அச்சிலுள்ள 28 பல்லிலிருந்து இரண்டாம் சங்கிலி பின்சக்கரத்துக்குச் செல்லும். முன்னே 30, பின்னே 34 பல் என்ற அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு இவ்விடையச்சை மட்டும் சேர்த்தால் விகிதம் மூன்றில் இரண்டாகக் குறைந்து, 26 அங்குலச் சக்கரத்தில் சுற்றுத் தூரம் 1.2 மீட்டராகிறது. ஆனால் உயர்ந்த கியர்களும் அதே அளவு குறைந்துவிடும். இடையச்சாக மூன்று வேகக் குடம் ஒன்றைப் பொருத்தினால் இக்குறையும் நீங்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் செய்யப்பட்டுவந்த இசுடர்மி ஆர்ச்சர் குடம் நம் நாட்டுப் பழைய கடைக்காரர்களுக்கு நன்கு தெரிந்ததே. அதன் மூன்று விகிதங்கள் முக்கால், ஒன்று, ஒன்றேகால் சொச்சம் (1.33). ஆரக்கால்கள் இல்லாமல் வெறுங்குடமாகவே அதனை இடையில் வைத்து ஓட்டுவோர் உளர்.

கிராங்குக்குள்ளேயே கோள் பற்சக்கரங்களை அடக்கி விகிதத்தை இரண்டரையில் ஒன்றாக்கும் சுவிட்சர்லாந்து நாட்டு அமைப்பும், 14 வேகங்களுடைய செருமானிய ரோலாஃப் குடமும் சிறந்தவை. அவற்றின் விலையோ ஒரு நல்ல வண்டியின் விலையையும் எட்டும். ஆதலால் அவற்றை இங்கு விரித்துரைக்கவில்லை.

எந்த வழியைக் கைக்கொண்டாலும் ஒன்றை மறக்கலாகாது. பற்சக்கரம் சிறிதாகச் சிறிதாகச் சங்கிலியின் இழுவிசை பெருகும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் 300 நியூட்டன் விசையோடு மிதிக்கும்போது 44 பல் சக்கரத்தில் சங்கிலியின் இழுவிசை ஏறத்தாழ 570 நியூட்டன்; 22 பல்லில் அதுவே 1,140 நியூட்டன். சாய்வு வண்டியில் இழுபக்கச் சங்கிலி பெரும்பாலும் ஒரு வழிகாட்டு உருளையின்மேல் வளைந்து செல்வதால் அவ்வுருளையின் தாங்கியும் அதன் ஆணியும் இப்பளுவைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாழ்வுக்கும் ஓர் எல்லை உண்டு. இரு சக்கர வண்டி மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் நிலைகொள்ளாமல் தள்ளாடும். சாய்ந்து அமர்ந்திருப்பவர் உடலை அசைத்து அதனைத் திருத்தவும் இயலாது. ஆகவே இரு சக்கரத்துக்கு 1.2 மீட்டருக்குக் கீழே செல்வதில் பயன் குறைவு. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் புறப்படச் செய்யும்போதும் மிகத் தாழ்ந்த கியரை வைத்தால், அரைச் சுற்று மிதித்து முடிவதற்குள் வண்டி நிலைபெறும் வேகத்தை அடைவதில்லை. அதற்கு ஒன்றிரண்டு படி மேலே வைத்துப் புறப்படுதல் நலம். மூன்று சக்கரச் சாய்வு வண்டிக்கு இத்தொல்லை எதுவுமில்லை. அஃது ஆமைபோல் ஊர்ந்தாலும் விழாது. அதற்கு 0.8 மீட்டர்வரை தாழ்ந்த கியர் வைத்தாலும் பயன்படும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கது

ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் மட்டும் நிறுத்திவிட வேண்டியதில்லை. ஒரு மாணவரின் சைக்கிளைத் தரையில் நிறுத்தி, பெடல் கீழே இருக்கும்போது பின்சக்கரம் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடிடுக. பெடல் மீண்டும் கீழே வரும்வரை அதனைக் கையால் சுற்றி வண்டியை நகர்த்தி, மறுபடியும் கோடிடுக. இடைப்பட்ட நீளமே சுற்றுத் தூரம். பிறகு வண்டியின் பின்புறத்தை ஒரு கயிற்றால் சுருள்வில் தராசோடு இணைத்து, தராசைத் தூணில் கட்டுக. வண்டி சாயாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, கிராங்கைக் கிடைநிலையில் முன்னே வைத்து அந்தப் பெடலில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுக. கறுப்புச் சைக்கிளாயின் தராசு ஏறத்தாழ 2 கிலோவையே காட்டும். மிதித்தது பத்து, கிடைத்தது இரண்டு என்றதும் மாணவர் வியப்பர். கியர் சைக்கிளில் மிகத் தாழ்ந்த கியரை வைத்து மீண்டும் செய்தால் தராசின் எண் பல மடங்கு உயர்வதைக் காணலாம். இழந்த தூரமே விசையாகத் திரும்பி வருகிறது என்பதை விளக்க இதனினும் எளிய கருவி இல்லை.

களப்பணியாளர் ஏற்றத்தை அளக்கவும் பெரிய கருவி தேவையில்லை. சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, இரசமட்டத்தைக் கொண்டு அதனைக் கிடைநிலையாக்கி, மறுமுனைக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்தால் அவ்வெண்ணே நூற்றுக்கு எவ்வளவு ஏற்றம் என்பதாகும்.

கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி

கான்பூரில் 1972-இல் நிறுவப்பட்ட இந்தியச் செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகம் முதலிய நிறுவனங்கள் செய்து வழங்கும் கைச்சுற்று வண்டிகளை நாம் எங்கும் காண்கிறோம். இதில் அமர்ந்திருப்பவரும் சாய்வு வண்டிக்காரரைப் போலத் தம் உடலெடையைப் பயன்படுத்த இயலாதவரே. மேலும், கைகளால் தரக்கூடிய உச்சத் திறன் கால்களால் தரக்கூடியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அவர் பள்ளியின் வாயிலுக்கோ சுகாதார நிலையத்துக்கோ உள்ள சாய்தளத்தைத் தாமே ஏற முடியுமா, பின்னால் தள்ள ஓர் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு பற்சக்கரமே.

பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விதிப்படி அமைந்த சாய்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ எனில் பின்னோக்கிய விசை, கரடான தரையின் உருளுதல் தடையையும் சேர்த்து, ஏறத்தாழ 84 நியூட்டன். கைச்சக்கரத்திலும் ஓடுசக்கரத்திலும் ஒரே அளவு பற்கள் இருந்து, சுற்றுத் தூரம் 2.1 மீட்டராக இருந்தால், 16 சென்டிமீட்டர் கைப்பிடியில் சுற்று முழுவதும் சராசரியாக 18 கிலோ எடை விசை வேண்டும். ஒரு கையால் இதனைச் செய்தல் பெரும்பாலோருக்கு இயலாது. பற்களின் விகிதத்தைப் பாதியாக்கிச் சுற்றுத் தூரத்தை 1.05 மீட்டராக்கினால் 9 கிலோ போதும். கைத்திறன் 40 வாட் என்று கொண்டால் வண்டி மணிக்கு 1.7 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். இது நடையினும் மெதுவான வேகமே. ஆயினும் பிறர் துணையின்றி ஏறுகிறது.

இதையே நிலையான கியராக்கிவிட்டால் சமநிலத்தில் நிமிடத்துக்கு 60 முறை சுற்றினாலும் மணிக்கு 3.8 கிலோமீட்டர்தான் செல்லலாம். கடைத்தெருவுக்குப் போய்வருவதற்குள் கை சலித்துவிடும். எனவே கைச்சுற்று வண்டிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கியர் வேண்டும். முன்னே கூறிய மூன்று வேகக் குடத்தை இடையச்சாக வைத்து, நடு வேகத்தில் சுற்றுத் தூரம் 1.4 மீட்டராக இருக்குமாறு பற்களைத் தெரிந்தெடுத்தால், சாய்தளத்துக்கு 1.05 மீட்டரும் சமநிலத்துக்கு 1.87 மீட்டரும் ஒரே வண்டியில் கிடைக்கும்.

இத்தகைய மாற்றத்தைச் செய்ய முனையும் பணியாளர் முதலில் தடையைச் சோதிக்க வேண்டும். ஏற்றத்தில் கையைச் சற்று ஓய்வாக எடுத்தால் வண்டி பின்னோக்கி உருளும்; ஃப்ரீவீல் அதனைத் தடுக்காது, கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டைத் தாக்கும். இழுத்து மாட்டினால் தானே நிற்கும் கொக்கியுடைய தடை நெம்புகோல் சரியாக வேலை செய்யாத வண்டியில் பற்சக்கரத்தைத் தொட வேண்டாம்.